இட்லிப்பானையில் வெந்த கொடி

“…பிளாஸ்டிக்குன்னு சொல்லுத ஆளுக்கு நான் ஒட்ட மாட்டேன். அவரே ஒட்டிக்கிடட்டும். சொல்லும்வே அந்த ஆள்ட்ட” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இட்லிதா அடுப்பிலிருந்து பானையை இறக்கினார்.

காளிகாட் பக்கம் எங்கள் சந்தில் இட்லிதாவின் கோபத்துக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. பூமிக்கடியில் போகும் மெட்ரோ ரயிலே அவர் கடைக்குக் கீழே வரும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள்.

அவர் இட்லி விற்றதே இல்லை. திருநெல்வேலிக்காரர், முறுக்குக் கடை. மத்தியானம் ஷட்டரை இறக்கியதும் அடுப்பில் ஏற்றுவாரே, அந்த இட்லிப்பானையால் வந்த பெயர். ‘தா’ என்றால் வங்காளத்தில் அண்ணன். பானைக்குள் இட்லி இருக்காது. மரத்தூளைப் பசையோடு கலந்து அச்சில் வார்த்த மோல்டிங்தான் இருக்கும்: கொடி, இலை, பூ. ஆவியில் வைத்தால் சப்பாத்தி மாவாகத் துவளும்; எந்த வளைவிலும் படுக்கும்; ஆறினால் விறைத்துவிடும். பழைய நாற்காலியோ நகைப்பெட்டியோ, அவர் கைபட்டால் அரண்மனைச் சாமான். முறுக்கு சுற்றிய விரல்களுக்கு வளைவு சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் அவர் வீட்டு இட்லியில் வார்னிஷ் வாசம் வந்தது. அன்றே அவர் மனைவி அந்தப் பானையைத் தலைமுழுகிவிட்டார்.

“ஒட்டுதவன் வாய மூடணும், பாக்குதவன் கையக் கட்டணும்” என்பது அவர் சட்டம். முதல் பாதியை அவர் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. இரண்டாம் பாதியை நாம் மீறினால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஹோமியோபதி டாக்டர் தன் மருந்து அலமாரியில் பசை காயுமுன் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். “உம்ம மாத்திரைய நான் தொட்டனாவே?” என்று தமிழில் கேட்டுவிட்டுக் கிளம்பினவர்தான். அந்த அலமாரியில் இன்றும் மூன்று இலை, ஒரு காம்பு.

என் வீட்டு வாசற்கதவு கதை இன்னும் மோசம். இடது பக்கம் கொடி ஏறிப் பூவும் பூத்த நேரத்தில், “லேசாக் கோணலா இருக்கோ அண்ணாச்சி?” என்று வாய்விட்டுவிட்டேன். கோணல் கதவிலா கண்ணிலா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லிப் போய்விட்டார். வருகிறவர்கள் எல்லாம், இடது பக்கம் கல்யாண வீடு, வலது பக்கம் வாடகை வீடு என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கடை முறுக்கை ஒரு மாதம் தொடவில்லை. ஆனால் வேறு ஆளை வைத்து மீதியை முடிக்கவும் இல்லை. அது என் வீம்பு.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் பக்கத்து வீட்டு மிட்டு பௌதி கூப்பிட வேண்டியதாயிற்று. பௌதி என்றால் அண்ணி; சந்துக்கே அண்ணி. மகள் டும்பாவுக்குக் கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்த்தட்டுகளோடு, டும்பாவின் அப்பா உயிரோடிருந்தபோது ஆசையாகச் செய்யவைத்த முகம் பார்க்கும் கண்ணாடி மேஜையும் போகவேண்டும். மாடியிலிருந்து இறக்கும்போது இடித்து, முட்டை வடிவச் சட்டத்தைச் சுற்றியிருந்த செதுக்குக்கொடி தூள்தூளாகிவிட்டது. அந்த வளைவை ஒரே நாளில் செதுக்க முடியாது என்று தச்சர்கள் கைவிரித்தார்கள். அப்பாவின் மேஜை மொட்டையாகப் போவதென்றால் நானும் போகவில்லை என்று டும்பா உட்கார்ந்துவிட்டாள்.

பௌதி முன்ஜாக்கிரதைக்காரி. இட்லிதாவின் கொடியை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாதென்று வீட்டில் ‘பிளாஸ்டிக்’ என்ற சொல்லையே தடை செய்தார். நாற்காலி, வாளி, குப்பைக்கூடை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறின.

சாயங்காலம் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வெந்த கொடியைச் சுடச்சுட எடுத்து, பசை தடவி, சட்டத்தோடு சட்டமாக இழைய ஒட்டிக்கொண்டு போனார். பசை பிடிக்கும்வரை டும்பா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு சாண்தான் பாக்கி. அப்போது ஹவுராவிலிருந்து பௌதியின் அண்ணன் வந்தார். இனிப்புச் சட்டியைக் கீழே வைத்தார். கொடியை நகத்தால் தட்டினார். வங்காளத்தில் நிதானமாக, “இது பிளாஸ்டிக் ஆச்சே” என்றார்.

பௌதி கண்ணை மூடிக்கொண்டார்.

கோபம் ஏறினால் இட்லிதாவுக்கு வங்காளம் இறங்கித் தமிழ் ஏறும். அதனால்தான் சொல்லும்வே என்று என்னை ஏவினார். அண்ணன்காரரும் என்ன சொல்கிறார் என்று என்னையே கேட்டார். தண்ணீர் கேட்கிறார் என்றேன். அவர் ஓடிப்போய் ஒரு தம்ளரில் கொண்டுவந்து பணிவாக நீட்டினார்.

இட்லிதா தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீரும் அந்தக் கட்சியாவே?” என்றார். எனக்கும் பொறுக்கவில்லை. “என் கதவுதான் பாதியில நிக்கி, இந்தப் பிள்ளை கல்யாணமும் பாதியில நிக்கணுமா அண்ணாச்சி?” என்று கத்தியே விட்டேன். அவர் பானையைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, மிச்சமிருந்த வசவை முடிக்கத் திரும்பினார்.

டும்பா அசையவில்லை. கை இரண்டும் கொடியை அழுத்தியபடியே இருந்தன. கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயில் சொட்டியது. துடைக்கக் கையை எடுத்தால் கொடி விழுந்துவிடும்.

“கைய எடுத்திராத தாயி. எடுத்தே, முறுக்கு உரல்ல போட்டுப் பிழிஞ்சிருவேன்” என்று உறுமிக்கொண்டே உள்ளே வந்தார். பானையை மறுபடி அடுப்பில் ஏற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பசை படாத முனையாகத் தேடிப் பிடித்து, அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.