பத்து கிலோ குறை

எடை மெஷினின் முள் அசைய மறுத்தது. டூப் நடிகர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து எறிந்து பார்த்தார். மூச்சை முழுக்க வெளியே விட்டும் பார்த்தார். எழுபத்தெட்டு.

"மீசையையும் எடுத்துட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி, கதவுக்கு வெளியிலிருந்து.

"ஹீரோவுக்கு மீசை இருக்கும்மா!"

திரையில் ஹீரோ மாடியிலிருந்து குதிக்கும்போதெல்லாம் நிஜத்தில் குதிப்பவர் இவர்தான். சில மாதங்களுக்கு முன் படக் கம்பெனி மேனேஜர் போனில் கத்தியிருந்தார்: "புதுப் படத்துக்கு ஹீரோவையும் உன்னையும் சேர்த்து வச்சுப் பார்த்தோம். பத்து கிலோ குறை..." மீதியை ஜெனரேட்டர் இரைச்சல் விழுங்கியது. "...ஷூட்டிங்குக்குள்ள சரி பண்ணலேன்னா வேற டூப்!"

திருப்பிக் கேட்டால் மேனேஜர் கடித்துவிடுவார். வேறு டூப் வந்துவிட்டால் இவருக்கு மிச்சம், சண்டைக் காட்சியில் பிணமாகப் படுக்கும் வேலைதான். பிணத்துக்கு டீகூடக் கடைசியில்தான் வரும்.

ஏழு கிலோ மடமடவென்று இறங்கியது. மீதி மூன்றும் உள்ளேயே குடித்தனம் போட்டுவிட்டது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். முள் நின்றது நின்றபடி இருந்தது. அவரால்தான் நிற்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார். ஒத்திகையில் சுவரேறிக் குதிக்கப் போனவர், சுவரைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றார்.

ஜிம் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பட்டினி போட்டா உடம்பு பயந்துபோய் இருக்கிறதைப் பதுக்கும்ணே. முட்டை, பருப்பு, கறின்னு சாப்பிடுங்க. வெயிட் தூக்குங்க."

"சாப்பிட்டா ஏறாதா?"

"முதல்ல ஏறும்."

"அடப்பாவி!"

ஏறியது. சொன்ன வாக்குத் தவறாமல் ஒரு கிலோ. ஷூட்டிங் நெருங்க நெருங்க, அவர் தூக்கத்தில்கூடப் பற்களைக் கடித்துக்கொண்டு எதையோ தூக்கினார்.

"ஏங்க, கொஞ்சம் இறக்கி வைங்களேன். கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது."

"இறக்கினா நான் பிணம்தான்மா."

"தூக்கினாலும் அப்படித்தான் தெரியிறீங்க."

ஒருநாள் காலை முள் லேசாக நடுங்கியது. பிறகு மனமிரங்கி நகர்ந்தது. ஷூட்டிங்குக்கு முதல் நாள், எழுபத்தைந்தில் வந்து பணிவாக நின்றது. அவர் மெஷினுக்கு முத்தம் கொடுத்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் உடை அறையில் தையல்காரர் போலீஸ் பேண்ட்டை நீட்டினார். டூப் நடிகர் நெஞ்சை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு பொத்தானைப் போட்டார். கையை எடுத்தார். பேண்ட் கணுக்காலில் போய் உட்கார்ந்தது.

"என்னண்ணே, கோணிப்பை மாதிரி தைச்சிருக்கீங்க?" என்றார் பெருமையாக.

"ஹீரோ அளவுதான் தம்பி. தொப்பைப் போலீஸ் வேஷம்னு அவர் அப்பவே உடம்பை ஏத்திட்டாரே." தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவரைவிட உங்களுக்குப் பத்து கிலோ குறையுதுன்னு மேனேஜர் என் முன்னாடிதானே போன்ல சொன்னாரு, அதுல ஒரு கிலோகூடவா நீங்க ஏத்தலை?"