அமிலப் பேயும் ஏழாம் வாய்ப்பாடும்

முலாம் பூசும் பட்டறை வாசலில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் நெரிந்தது. அருளாளர் வருகிறார்! கழிவுநீரில் குடியிருக்கும் அமிலப் பேயை விரட்டப் போகிறார்! பேய்க்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும்.

அருளாளர் வந்தார். உதடு முணுமுணுத்தது. கை ஒரு பிடி வெள்ளைப் பொடியை வாளியில் தூவியது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று கழிவுநீர் நுரைத்துப் பொங்கியது.

“கேட்டீங்களா? பேய் அலறுது!”

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. முதலாளிக்கு அதைவிடச் சிலிர்த்தது.

“பேய்தான் போயிடுச்சே, இனிமே கையுறை எதுக்கு? நாளையிலேர்ந்து எல்லாரும் வெறுங்கையாலேயே அலசுங்க!”

முதலில் கைதட்டியவள் அம்மா. பதினாறு வருஷமாக அமிலத்தில் முக்கியெடுத்த ஆணிகளை அலசுகிறவள். கிழிந்த கையுறை வழியே கசிந்த அமிலம் அவள் விரல்களைத் தின்றிருந்தது. அந்த விரல்களின் சம்பளத்தில் படித்து, வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கிய மகள் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தாள்.

“நாளைக்கு வெறுங்கையை உள்ள விட்டே, நான் சும்மா இருக்க மாட்டேம்மா.”

“பேய் போனதை நீயும்தானேடி பார்த்தே?”

“நுரையைத்தான் பார்த்தேன். அதுக்கு மூக்கும் முழியுமா இருந்துச்சு?”

அம்மா முறைத்தபடி, அருளாளர் கொடுத்த பொட்டலத்தை நீட்டினாள். மகள் பிரித்தாள். பொடிக்கு நடுவே நகமளவு ஒரு சில்லு. அதன்மேல் ஊதா மையில் பாதித் தேதி. பேய் விரட்டும் பொடிக்குத் தேதி முத்திரை எதற்கு?

முட்டையில்தானே அப்படிக் குத்துவார்கள்? நேரே தெருமுனை பேக்கரிக்குப் போனாள். பின்பக்கக் குப்பைக்கூடை நிறைய முட்டை ஓடுகள். எல்லாவற்றிலும் அதே ஊதா முத்திரை.

“செடிக்குப் போடணும்னு ஒருத்தர் தினமும் அள்ளிட்டுப் போவாரே!” என்றார் கேக் சுடுகிறவர்.

மகளும் ஒரு பை அள்ளினாள். கழுவினாள், காயவைத்தாள், அரைத்தாள்.

மறுநாள் அம்மா வெறுங்கையோடு தொட்டிப் பக்கம் போவதற்குள், மகள் இரண்டு வாளிகளில் கழிவுநீரை மொண்டு, காணிக்கை வாங்க வந்திருந்த அருளாளர் முன்னால் வைத்தாள்.

“ஐயா, முதல் வாளிக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. பொடி வேண்டாம்.”

அருளாளர் சொன்னார். உரக்கச் சொன்னார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பேய்க்குக் காது மந்தமோ என்னவோ! அதில் தோய்த்த நீல லிட்மஸ் தாள் சிவந்தது.

“சிவந்தா அமிலம் அப்படியே இருக்குன்னு அர்த்தம்,” என்றாள் மகள். அடுத்த வாளியில் தன் பொடியைக் கொட்டிக் கிளறியபடி ஆரம்பித்தாள்: “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு...”

‘ஸ்ஸ்ஸ்!’

நுரை அடங்குவதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரை போக வேண்டியிருந்தது. பிறகு அதில் தோய்த்த நீலத் தாள் நீலமாகவே இருந்தது.

“அடியே, வாய்ப்பாட்டுக்கே பேய் ஓடுதே!” என்று வாய்பிளந்தாள் அம்மா.

முதலாளி திரும்பினார். “அப்போ உங்க பொடி என்னதுய்யா?”

மகள் முந்திக்கொண்டாள். “ஓடு!”

அவள் சொன்னது முட்டை ஓட்டை. அருளாளர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு முதலாளி முன்னால் பத்து விரல்களையும் விரித்தாள்.

“கழிவுநீருக்கு ஓடு கிடைச்சாச்சு முதலாளி. இதுக்குப் புதுக் கையுறை எப்போ வரும்?”

முதலாளி சட்டைப்பையில் பணத்தைத் துழாவினார். “இன்னைக்கே.”

அதற்குள் ஒருவர் முட்டை ஓட்டுப் பையைக் கும்பிடத் தொடங்கியிருந்தார்.

“கும்பிடாதீங்கண்ணே,” என்றாள் மகள். “நாளைக்கு வரும்போது உங்க வீட்டு ஓட்டையும் கொண்டு வாங்க. கூடவே மூளையையும் எடுத்துட்டு வாங்க. அதை மட்டும் அரைக்க வேண்டாம்.”