வெள்ளத்துக்கு ஒத்திகை பார்த்த விசில் மிஸ்

எங்கள் தெருவில் புயலுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. விசில் மிஸ்ஸுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தெருநாய்கள்கூட அவரைக் கண்டால் வரிசையாக நடக்கும்.

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், அடையாற்றில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். தனியாள். உயரம் ஐந்தடிக்குள். குரல் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். கழுத்தில் எப்போதும் தொங்கிய விசில் அதை மறைத்துவிட்டது.

தெருக்கோடியில் ஆறு. ஒருமுறை அது வீடுகளுக்குள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் புது டைல்ஸ் போட்டுக்கொண்டு அதை மறந்தே போனோம். மிஸ் மறக்கவில்லை. ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, தார் உருகும் வெயிலில், எல்லோரையும் தெருவில் நிறுத்தி அறிவித்தார். கீழ்வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாடிவீடு ஒதுக்கியிருக்கிறது. மூன்று விசில் கேட்டால் யோசிக்காமல் அங்கே ஏறிவிட வேண்டும்.

எங்கள் மாடிவீட்டுக்கு ஒதுக்கப்பட்டவர் கீழ்வீட்டு அண்ணாச்சி. தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தி, இப்போது மகன்களிடம் விட்டுவிட்டவர். என் மனைவி கொடியில் காயப்போட்ட புடவை அவர் தலையில் சொட்டிய நாளிலிருந்து, இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

மிஸ்ஸைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வேற யாரையாவது போடக் கூடாதா மிஸ்?"

"தெரிஞ்சுதான்பா போட்டேன். ஃப்ரெண்ட்ஸா இருக்கறவங்க, அவன் எங்கயாவது பத்திரமா இருப்பான்னு விட்டுடுவாங்க. சண்டை போட்டவங்களுக்குத்தான் எதிராளி எப்ப வெளியில போனான், எப்ப வந்தான், எத்தனை தடவை இருமினான், எல்லாம் தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். அண்ணாச்சி அன்று காலையில் பதினோரு முறை தும்மியது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மூன்று விசில் ஊதினார். அண்ணாச்சி குடையோடு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "ஒரு மேகத்தைக் காணல. எந்த வெள்ளத்துக்கு மிஸ் எங்கள ஏறச் சொல்லுதீய?"

"வெள்ளம் வந்தப்புறம் ஒத்திகை பாக்க முடியாது சார். ஏறுங்க."

அண்ணாச்சி கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலு படி ஏறினார். இறங்கி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். வெற்றிலைப் பெட்டியை மறந்தது ஞாபகம் வந்து கதவைத் திறந்தார். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பதினாலு நிமிஷம். தண்ணிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது சார்."

அடுத்த ஞாயிறு, பை பரிசோதனை. மருந்து, பத்திரம், டார்ச் லைட், மாற்றுத்துணி எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. என் பையை நடுத்தெருவில் கவிழ்த்தார். ஒரு பாக்கெட் முறுக்கும் டிவி ரிமோட்டும் விழுந்தன.

"கரண்ட் இல்லாத வீட்ல ரிமோட்டை வச்சுக்கிட்டு எதைப்பா மாத்தப் போற?"

தெருவே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டு, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோடியில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் கோபாலுக்கு ஆற்றைக் கவனிக்கும் வேலை.

"இன்னா மிஸ், துணியப் பாக்கறதா, ஆத்தப் பாக்கறதா?"

"கை துணி மேல, கண்ணு ஆத்து மேல."

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பாதிச் சட்டைகளின் முதுகில் பழுப்பாக ஒரு முத்திரை இருந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் கோபால் ஓடிவந்தார். "மிஸ், ஆறு ஏறிக்கினே கீது. கரைச் செவுரு முழுகிப் போச்சு."

மூன்று விசில் கேட்டது.

ஒருவரும் அலறவில்லை. எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெயின் சுவிட்சுகள் அணைந்தன, பைகள் தோளில் ஏறின, கீழ்வீடுகள் மாடிக்குப் போயின. ஐந்தே நிமிஷத்தில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் ஒரு தூக்கு நிறைய இட்லி மாவோடு என் வாசலில் நின்றார்கள்.

"தம்பி, வரலாமா?"

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பால்கனியிலிருந்து வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். அப்போது அண்ணாச்சி கேட்டார். "மிஸ் எந்த வீட்ல தம்பி?"

யாருக்கும் தெரியவில்லை. மிஸ்ஸும் கீழ்வீட்டுக்காரர்தான். எல்லோருக்கும் மாடி ஒதுக்கியவர் லிஸ்ட்டில் தன் பெயரை எழுதவே இல்லை.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். அவரும் நானும் எதிர்மாடியிலிருந்து இறங்கிவந்த கோபாலும் கைகோத்து, அதற்குள் இடுப்பளவு ஏறியிருந்த தண்ணீரில் போனோம். மிஸ் சாப்பாட்டு மேஜை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பால்கனிகளிலிருந்து கேட்ட குரல்களை வைத்து லிஸ்ட்டில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் மிஸ் ஏறல?" என்றேன்.

"எல்லாரும் ஏறியாச்சான்னு பாத்துட்டு ஏறலாம்னு இருந்தேன்பா." பிறகு குரல் இறங்கியது. "யார் வீட்டுக்குன்னுதான் தெரியல."

அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரலும் உண்டென்று எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன், நம்ம வீடு இல்லியா? வாங்க, சொல்லுதேன்."

'நம்ம வீடு' என்று அவர் சொன்னது என்னுடைய வீட்டை.

ஐந்து நாள் ஐந்து பேர் அங்கே இருந்தோம். குளியலறைக்கு டைம்டேபிள் போட்டார் மிஸ். அண்ணாச்சியைக் காலையில் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வைத்தார். முழங்கால் வரைதான் கை போயிற்று என்றாலும், அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகபட்சம்.

தண்ணீர் வடிந்ததும் கொசு வந்தது. மிஸ் பூச்சட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஒன்று விடாமல் கவிழ்க்க வைத்தார். பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்தார்கள். எங்கள் தெருவில் படுத்தது ஒரே ஒருவர். மிஸ்தான்.

அதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாங்கள் ஆள் மாற்றி ஆள் கூடவே இருந்தோம். ஒரே நாளில் ஏழு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. "ஒரு மனுஷி எத்தனை கஞ்சிப்பா குடிப்பா?" என்று முணுமுணுத்தபடி ஏழையும் ருசி பார்த்து, உப்பில்லாத இரண்டைத் திருப்பி அனுப்பினார். அப்போதே பிழைத்துவிடுவார் என்று தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் காலை, அண்ணாச்சியின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மிஸ் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவரை எதிர்கொள்ளக் கூடி நின்றதில், அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவரும் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை.