வாங்காத வீடுகளின் சொந்தக்காரர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றிய கையோடு விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சற்றே சாய்த்து, ஏதோ பதில் கிடைத்ததுபோல "ம்" என்று தலையாட்டுகிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் வீடு கட்டுகிறவர் இல்லை. விற்கிறவர் இல்லை. வாங்குகிறவர் இல்லவே இல்லை. அவர் ஷோ ஹவுஸ், அதாவது விற்பனைக்காக அலங்கரித்து வைத்த மாதிரி வீடு, பார்ப்பவர்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து தெற்கே சுங்காய்வரை ரப்பர் மரங்களைச் சாய்த்த இடங்களிலெல்லாம் வீடமைப்புத் திட்டங்கள் முளைக்க முளைக்க, இந்த இனமும் கூடவே பெருகிவிட்டது. இதில் நன்றாக முற்றிய ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் புந்தோங்கில் குடியிருக்கும் இராமசாமியைப் பார்க்கலாம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். திங்கள் முதல் வெள்ளிவரை அவர் இருப்பதே வீட்டில் தெரியாது. சனிக்கிழமை மாலை கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். ஞாயிறு காலை சட்டைக்கு இஸ்திரி போட்டு, இடுப்பில் பெல்ட்டு கட்டி, "வாங்குறவன் மாதிரி இருக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டே பழைய காரைக் கிளப்பி, போய்ச் சேர்ந்ததும் அந்தக் கார் யார் கண்ணிலும் படாதபடி தள்ளி நிறுத்துவார். பக்கத்து இருக்கையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வயதாகிவிட்டவள் அவர் மனைவி புஷ்பலதா. வெளியாட்கள் முன் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பாள்.

உள்ளே என்ன நடக்கும்? வாசலில் கட்டிய பலூன்களுக்குக் கீழே குனிந்து நுழைந்து, இலவசமாகக் கொடுக்கும் மீகூன் நூடுல்ஸை ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே குட்டையாகச் செய்து போட்ட கட்டிலையும், அட்டையில் செய்த தொலைக்காட்சியையும், பிளாஸ்டிக் ஆப்பிளையும் ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து, தண்ணீரே வராத குழாயைத் திருகி, டேப் ஒட்டி அடைத்த கழிவறைப் பீங்கானின் முன் நெடுநேரம் நின்று, கிழக்கு எந்தப் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா, மூலை மனையான கார்னர் லாட் மிச்சம் இருக்கிறதா என்று ஏஜென்ட் பெண்ணைக் கேட்டு, அவள் முகத்தில் நம்பிக்கை துளிர்க்கும் நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்டுல பேசிட்டு அடுத்த வாரம் சொல்றோம்" என்பார்.

அவள் தொலைபேசி எண் கேட்பாள். அதையும் சொல்வார். கடைசி இலக்கத்தை மட்டும் ஏழுக்குப் பதில் எட்டு என்று சொல்வார்.

பொய்யா? ச்சே. தற்காப்பு. பேராக்கில் உள்ள அத்தனை ஏஜென்ட்டும் கூப்பிட ஆரம்பித்தால் மனிதன் தூங்குவது எப்படி?

இப்படி நூற்றுக்கணக்கான குழாய்களைச் சோதித்தவருடைய சொந்தச் சமையலறையில், குழாய் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் மோட்டார் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கட்டியிருந்தது. புஷ்பலதா கட்டியது.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, மகள் சுபாஷினியின் கல்யாணப் பேச்சு வரும்வரை. சுபாஷினியும் ரூபனும் ஈப்போவில் ஒரே கிளினிக்கில் வேலை. பிடித்துப்போய்விட்டது. ரூபனின் அப்பா அர்ச்சுனன் பீடோரில் இருப்பவர், கொஞ்சம் கண்டிப்பானவர். பிள்ளைகள் நாள் முழுக்கப் பேசிக்கொள்ளட்டும், பெண்ணின் அப்பா தன் வாயால் சரி என்றால்தான் சரி என்பது அவர் சட்டம்.

பீடோருக்குப் போகும் வழியெல்லாம் புஷ்பலதா கெஞ்சினாள். "அங்க போயி சுவத்தத் தட்டாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"தட்ட மாட்டேன்லா."

சொன்னதைக் காப்பாற்றினார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழிவறைப் பக்கம்கூடப் போகவில்லை. நெற்றி வியர்த்தது. அர்ச்சுனன் வீட்டார் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து எழுந்தபோது புஷ்பலதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் அர்ச்சுனன் கைப்பேசியை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்கண்ணே. நான் நாளு பாத்துட்டுக் கூப்பிடுறேன். நீங்க வாயத் தொறந்து சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஒரு கால் செருப்புக்குள். ஒரு கால் வெளியே. எதிரே ஒருவர் எண் கேட்கிறார். நாக்கு வேறென்ன செய்யும்? கணீரென்று எட்டில் முடித்தார். கூடவே, "வீட்டுல பேசிட்டு அடுத்த வாரம் சொல்றோம்" என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். புஷ்பலதாவும் கவனிக்கவில்லை. அவள் காதுக்கும் அந்த எண்தான் பழக்கம்.

வாரத்தின் நடுவில் சுபாஷினி கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அர்ச்சுனன் கூப்பிட்டிருக்கிறார், எவனோ எடுத்து ராங் நம்பர் என்றிருக்கிறான். ரூபன் சரியான எண்ணைக் கொடுத்தும் பயனில்லை. எண் தப்பாகக் கொடுக்கிறவன் பெண்ணை எப்படிக் கொடுப்பான் என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். இராமசாமி கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை. மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இராமசாமி பெல்ட்டு கட்டினார்.

"இந்த வாரமுமா?" என்றாள் புஷ்பலதா.

"மனசு சரியில்ல. ஒரு வீடு பாத்தா தேவல."

சுங்காய் போகும் வழியில் புதிதாகத் திறந்த ஷோ ஹவுஸ். புஷ்பலதாவுக்கு மீகூன் இறங்கவில்லை. மாஸ்டர் பெட்ரூமில் அந்தக் குட்டைக் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்தாள். மெத்தைக்குள் பலகைதான் இருந்தது. இராமசாமி அலமாரிக் கதவை ஏழாவது முறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, அறை வாசலில் அர்ச்சுனன் வந்து நின்றார்.

நன்றாகத் திட்டிவிட்டு வைக்கலாம் என்றுதான் எட்டில் முடியும் அந்த எண்ணுக்கு மறுபடியும் அடித்தாராம். எடுத்தவன் தெலுக் இந்தான் சந்தையில் மீன் விற்கும் பத்துமலை. திட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டானாம்.

"'கோவிச்சுக்காதீங்கண்ணே, இராமசாமி அங்கிள் எல்லாருக்கும் என் நம்பரத்தான் குடுப்பாரு'ன்னான். பேராக்குல எங்க வீடு கட்டுனாலும் அவனுக்குத்தான் போன் வருதாம். அப்பிடி வந்த ஒரு போன்ல அவனே ஒரு வீடு வாங்கிட்டானாம். 'அவரப் புடிக்கணும்னா ஞாயித்துக்கிழம எது புது ஷோ ஹவுஸோ அங்க போயி நில்லுங்க'ன்னான். நின்னேன்." அர்ச்சுனன் குரல் இறுகியது. "பொண்ணக் குடுக்கிறீங்களா, இல்லையா?"

அவருக்குப் பின்னால் ஏஜென்ட் பெண் கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். சீனப் பெண். தமிழ் தெரியாது. இரண்டு குடும்பம் ஒரு வீட்டுக்கு அடித்துக்கொள்கிறது என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது.

இராமசாமியின் கை தானாகச் சுவருக்குப் போனது. டொக், டொக். வாய் திறந்தது. "வீட்டுல பேசிட்டு அடுத்த—"

"குடுக்கிறோம்ண்ணே." எழுந்து நின்றவள் புஷ்பலதா. இத்தனை வருடங்களில் எந்த ஷோ ஹவுஸிலும் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நம்பர அடிச்சுக்குங்க."

எண்ணை மலாயில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவள், கடைசி இலக்கத்தில் நின்றுவிட்டாள். நாக்கு நுனியில் எட்டுதான் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, "துஜோ" என்று ஏழில் முடித்தாள்.

அர்ச்சுனன் அங்கேயே அழைத்தார். இராமசாமியின் சட்டைப் பையில் மணி அடித்தது. அந்த வீட்டில் உண்மையாக வேலை செய்த முதல் பொருள் அதுதான்.

"எடுங்க," என்றார் அர்ச்சுனன்.

இராமசாமி எடுத்தார். "ஹலோ."

"பொண்ணக் குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறேன்," என்றார் இராமசாமி, இரண்டடி தள்ளி நின்றவரிடம், கைப்பேசியில்.

ஏஜென்ட் பெண் கைதட்டினாள். எல்லாருக்கும் இன்னொரு தட்டு மீகூன் வந்தது. மலாயில் சொன்ன எண் அவளுக்கும் புரிந்திருந்தது. கோப்பித் தட்டைக் கீழே வைத்த வேகத்தில் அதைத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டாள் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பாவம் இராமசாமி என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நகைக்கடையில் வாங்கப்போகாத சங்கிலியைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்தது யார்? எதிர் வீட்டில் இறக்கிய ஃபிரிட்ஜுக்கு எத்தனை கதவு என்று ஜன்னல் திரையை விலக்கி எண்ணியது யார்? பத்துமலை வாங்கிய வீடு எந்த ஊரில், எத்தனை அறை என்று இந்த நிமிடம் யோசித்துக்கொண்டிருப்பது யார்? போகட்டும். உங்கள் எண்ணின் கடைசி இலக்கத்தையாவது யாரிடமும் மாற்றிச் சொன்னதே இல்லையா?

சுபாஷினிக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. சம்பந்திகள் இருவரும் இப்போது ஒரே காரில் வீடு பார்க்கப் போகிறார்கள். அர்ச்சுனனுக்கும் தட்டக் கைவந்துவிட்டது. அந்தச் சீனப் பெண்ணின் புண்ணியத்தில் ஏஜென்ட்டுகள் எல்லாரும் சரியான எண்ணுக்கே கூப்பிடுகிறார்கள், இராமசாமி மதியத்தில் தூங்குவதில்லை. தன்னை யாருமே கூப்பிடுவதில்லை என்று பத்துமலைக்கு வருத்தம். ஞாயிறு மாலையானால், அர்ச்சுனனிடம் வாங்கிய சரியான எண்ணுக்கு அவனே போன் போட்டு, இந்த வாரம் என்ன வீடு பார்த்தீர்கள் என்று கேட்கிறான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது.