கிலோமீட்டர்க்காரர்

உங்கள் குடும்பத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் மாடி வீட்டில் இருப்பார். கிலோமீட்டர்க்காரர். கண் பார்த்ததையும் கால் நடந்ததையும் அவர் நம்புவதில்லை. மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடந்ததாக அர்த்தம். காய்கறி வாங்கப் போனாலும் வாசற்படியில் நின்று பொத்தானை அமுக்குவார், தராசு முன்னால் நிறுத்துவார், பையோடு திரும்பும்போது மறுபடி அமுக்குவார், வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் காலடிக் கணக்கைச் சொந்தபந்தம் நாற்பத்திரண்டு பேருக்கும் அனுப்பிவைப்பார். அவர்கள் கட்டைவிரல் காட்டுவார்கள். பாவம், வேறு எதைக் காட்டுவது?

எனக்குத் தெரிந்த கிலோமீட்டர்க்காரரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவருக்கு முழு விடுமுறை. போன மாதம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆற்றில் காலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். சரி என்று அவரையும் அவர் தம்பியையும் அழைத்துக்கொண்டு நம்மவர் கிளம்பினார்.

முதலில் நடைபாலம். ஊரே பீற்றிக்கொள்ளும் தொங்குபாலம். நடுவில் நின்றால் லேசாக ஆடும். எல்லாரும் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்க்க, நம்மவர் மட்டும் உதடு அசைய நடந்தார்.

“என்னங்க, கீழ பாருங்களேன், நீர்க்காகம் முங்குது.”

“பேசாதம்மா. முந்நூத்திப் பன்னெண்டு.”

“அத்தனை காகமா அத்தான்?” என்றான் மைத்துனன்.

பாலம் முடிந்த இடத்தில் படம் எடுப்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்தினார். வாடகைச் சைக்கிள் எடுத்தார்கள். கரையோரமாகப் பதினொரு கிலோமீட்டர் பாதை; ஒவ்வொரு வளைவிலும் ஆறு வேறு முகம் காட்டும். ஒவ்வொரு வளைவிலும் நம்மவர் முன்னாலிருந்து கத்துவார்: “நிக்காதீங்க, சராசரி விழுந்துடும்.”

பாதை முடிந்தது. படித்துறை. மனைவி செருப்பைக் கழற்றினார். நம்மவர் கடிகாரத்தைப் பார்த்தார், முகம் சுண்டிப்போனது.

“என்னாச்சு அத்தான்?”

“பாலத்துகிட்ட நிறுத்தினேன். திரும்ப ஆரம்பிக்கல.”

“அதனால என்ன, அதான் வந்து சேந்துட்டோமே” என்றார் மனைவி.

“எங்க வந்தோம்? இதுல ஒண்ணுமே இல்லையே. எழுந்திருங்க. அஞ்சு மணிக்குத்தான் இங்க சைக்கிளைத் திருப்பிக் குடுக்கணும். பாலம் வரைக்கும் போய்ட்டு மறுபடி வந்துடலாம்.”

மனைவியின் ஒரு கால் அதற்குள் தண்ணீரில் இருந்தது. அதைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மற்றக் காலையும் உள்ளே விட்டார்.

“நீங்க போய்ட்டு வாங்க. எங்க பங்கையும் சேத்து ஓட்டிடுங்க.”

சண்டை வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் போயேவிட்டார். வெயிலில், தனியாக, போகப் பதினொன்று, வரப் பதினொன்று. மைத்துனன் படியிலேயே குறட்டை விட்டான். அந்த அம்மாள் விரல் நுனி சுருங்கும்வரை உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, எதையும் நினைவுபடுத்தவில்லை.

நாலரை மணிக்கு நம்மவர் சட்டை பிழியப் பிழிய, மாப்பிள்ளைக் களையோடு வந்து இறங்கினார்.

“இருபத்திரெண்டு. முழுசா ஏறிடுச்சு.”

“ஆறு எப்படி இருந்துச்சு?”

“எந்த ஆறு?”

உண்மையாகவே கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: இதைப் படிக்கத் தொடங்குமுன், எவ்வளவு நீளம் என்று கடைசி வரிவரை ஒருதரம் ஓட்டிப் பார்த்தீர்கள்தானே?