ஜிகினா அக்காவின் உடுப்பு அறை

கோலாலம்பூரில் ஜிகினா அக்காவைப் போல் உடுத்திய ஒரு மனுஷி அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சும்மா சொல்லவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் மேல் வீடு, நாங்கள் கீழ் வீடு. மேலே வராந்தாவில் அவருடைய ஜிகினா உடுப்பு ஏதாவது காய்ந்தால் கீழே எங்கள் வாசலில் வெளிச்சம் அடிக்கும். அப்பா நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டுப் பேப்பர் படிப்பார்.

அக்காவின் கணவரை எல்லோரும் கிட்டார் என்றே கூப்பிடுவோம். பகலில் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சனி ஞாயிறில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசிப்பார். தோள் வரை தொங்கும் முடியைத் தவிர, ராக் இசைக்காரர் என்று சொல்ல அவரிடம் ஓர் அடையாளமும் கிடையாது. மற்றவர்கள் பூப்போட்ட சட்டையும் குதிகால் உயர்ந்த பூட்ஸுமாகக் குதிக்க, இவர் அரைக்கை வெள்ளைச் சட்டையில், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் போல நடுவில் நிற்பார்.

"அவரு போட மாட்டாரு. அதான் நான் போடுறேன்," என்பார் அக்கா. "ஒரு வீட்டுல ஒரு ஆளாவது ராக் மாதிரி இருக்கணும் லா."

மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைகளில் அக்கா நுழைந்தாலே, வருடக்கணக்கில் யாரும் வாங்காத சுருள்கள் எல்லாம் உள்ளேயிருந்து வெளியே வரும். திரைச்சீலைக்கான வெல்வெட், சோஃபா உறைக்கான புலித்தோல் துணி, நாட்டியக்காரிகளுக்கான சரிகை என்று எதையும் விடமாட்டார். எல்லாவற்றையும் வீட்டில் தானே தைப்பார். ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் உடுப்பு. ஒரு முறை போட்டதை மறுமுறை போடமாட்டார். துவைத்து, காயவைத்து, உள்பக்கம் கழுத்தோரமாக, மடித்த சீட்டு ஒன்றைக் குத்தி மாட்டிவிடுவார். அது கடைக்காரர் கொடுத்த விலைச்சீட்டு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

அந்த வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி உடுப்புகளைத் தொங்கவிட்டிருந்தார். கணவனும் மனைவியும் ஹாலில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

அப்போது அரசாங்க அலுவலகங்களில் ஒரு அறிவிப்பு தொங்கும்: நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் வேலை நடக்கும். ரேடியோ லைசன்ஸ் புதுப்பிக்கப் போன கிட்டார் காலையிலிருந்து உட்கார்ந்து, கவுண்டர் மூடும்போது வெறுங்கையோடு திரும்பி வந்தார். மறுநாள் அக்கா போனார். ஆரஞ்சு கால்சட்டை, மேலே தங்க ஜிகினா கோட்டு. மூன்று குமாஸ்தாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து வேலையை முடித்துக் கொடுத்தார்களாம். "முடிக்குத்தான் சட்டம் போட்டிருக்காங்க, ஜிகினாவுக்கு இல்லை," என்றார் அக்கா.

இதெல்லாம் பொறுக்காத ஒரே ஆள் எங்களுக்கு அடுத்த கீழ் வீட்டு சீஃப் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர், பணி ஓய்வு பெற்றவர், மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். ஆனால் கடிதம் எழுதுவதில் மட்டும் அவர் ஓய்வு பெறவில்லை. மேற்படி பெண்மணியின் மேற்படி கால்சட்டையால் மேற்படி குடியிருப்பின் மானம் போகிறது என்று மூன்று நகல் எடுத்து ரயில்வேயின் வீட்டு அதிகாரிக்கு அனுப்பினார். அதிகாரி நேரில் வந்து பார்த்தார். போகும்போது, தன் மனைவிக்கு அந்தத் துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

நான் அப்போது டைப்பிஸ்ட். அலுவலக விருந்துக்குப் போட அக்காவின் பச்சை சாட்டின் ஜாக்கெட்டைக் கேட்டேன்.

"தங்கச்சி, ரத்தம் வேணுமா, தரேன். இது வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு துணியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த வருடம் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலை கிள்ளான் ஆறு கரையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அடுப்பு அணைந்தது, அலமாரி சாய்ந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் பதினேழு பேரும் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து மேல் வராந்தாவுக்கு ஏறினோம். ஆளுக்கு உடம்பில் கட்டியிருந்த துணி ஒன்றுதான், அதுவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே இருந்த மற்ற வீட்டுக்காரர்கள் கொடுத்த துணி குழந்தைகளுக்கே சரியாகப் போயிற்று. சாரல் உள்ளே அடித்தது. சீஃப் கிளார்க் இழுப்பு நோய்க்காரர். உதடு நீலம் பாரித்து, சுவரோரம் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. அக்கா படுக்கையறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். கடன்காரன் வந்ததுபோல அல்ல, பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போக வந்ததுபோல முகம். கிட்டார் மெதுவாக, "உன் இஷ்டம்," என்றார்.

அக்கா உள்ளே போனார். ஊதா வெல்வெட் கோட்டும் கால்சட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்குமுன் உள்ளே குத்தியிருந்த சீட்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

"கிள்ளான், கல்யாண ஹால். அஞ்சாவது பாட்டு. கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சாரு. நடுவுல ஒரு கம்பி அறுந்துச்சு, யாருக்கும் தெரியல." வாசித்துவிட்டு உடுப்பை நீட்டினார். "போடுங்க அங்கிள்."

"பிள்ளை, உந்தக் கோட்டை உடுத்திக்கொண்டு நான் எப்பிடி ஆக்களுக்கு முன்னால நிக்கிறது?"

"நிக்க வேணாம் அங்கிள். உக்காருங்க."

கிட்டார் கோட்டில் குத்தியிருந்த சீட்டையே பார்த்தார். "அது என்னது?"

"உங்க பாட்டுதான். கிராமபோன் பிளேட்டா வரல, ரேடியோல போடல, பேப்பர்ல ஒரு படம் கூட இல்ல. வேற எங்க எழுதி வைக்கிறது?"

"நான் உனக்குத் துணிப் பைத்தியம்னு நெனச்சேன்."

"அதுவும்தான்," என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாசித்தார், கொடுத்தார். என் அப்பாவுக்குப் புலித்தோல். காஜாங், திருவிழா மேடை, மைக் வேலை செய்யவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கு வெள்ளி பெல்பாட்டம், மாமி அதை மார்புவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்தப் பச்சை ஜாக்கெட். அம்பாங், கிளப், மழை, கேட்க வந்தவர்கள் பதினோரு பேர், அன்றைக்குத்தான் ரொம்ப நன்றாக வாசித்தார். வாசிக்கும்போது அக்காவின் குரல் இரண்டு முறை உடைந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உடுப்பை நினைத்து அல்ல.

மதியம் ராணுவ லோரி வந்து எங்களை மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனது. திறந்த லோரி. சீட்டுகளில் இருந்த மையெல்லாம் மழையில் கரைந்து எங்கள் கழுத்தில் நீலமாக வழிந்தது. பள்ளி வாசலில் பெயர் எழுதிய அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷோ எத்தனை மணிக்கு?" என்று மலாயில் கேட்டார்.

கிட்டார் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் சொன்னார். "சாயங்காலம்."

சாயங்காலம் அவர் மண்டபத்தின் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மின்சாரம் இல்லாததால், வீட்டிலிருந்து தூக்கி வந்த சாதாரணக் கிட்டார்தான். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாங்கள் எதிரில் போய் நிற்கவேண்டும். அக்கா பக்கத்திலிருந்து, "இது காஜாங்," "இது அம்பாங்," என்று சொல்வார், கிட்டார் அந்தப் பாட்டை வாசிப்பார். சீட்டில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. அக்காவுக்குச் சீட்டும் தேவைப்படவில்லை.

கடைசியில் ஊதா வெல்வெட். சீஃப் கிளார்க் பொத்தானையெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு போய் நின்றார். கிட்டார் கண்ணை மூடி வாசித்து முடித்தார். மண்டபம் கைதட்டியது. சீஃப் கிளார்க் மட்டும் கைதட்டவில்லை. நகரவும் இல்லை.

"இன்னொருக்கா வாசியும்," என்றார்.

வெள்ளம் வடிந்தபின் எல்லோரும் உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினோம். அக்கா ஒன்றைக்கூடக் கையில் வாங்கவில்லை. ஓர் உடுப்புக்கு ஒரு ஷோதான், இரண்டாவது ஷோ போனது தன்னுடையதல்ல, போட்டுக்கொண்டு கேட்டவர்களுக்கே சொந்தம் என்று ஒரே பிடிவாதம். சீஃப் கிளார்க் இதை ஆட்சேபித்து அக்காவுக்கே ஒரு கடிதம் எழுதினார், மூன்று நகல். பயனில்லை. ஒரு தீபாவளிக்கு அவர் அந்த ஊதா கோட்டோடு கோயிலுக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன்பிறகு ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் வீட்டிலிருந்து கிட்டாரின் குரல் கேட்கும்: "நேத்தையது எழுதிட்டியா?"

பிறகு அவருக்கு மாற்றல் வந்து இருவரும் போய்விட்டார்கள். இந்த ஊரில் பிளேட் போட்டுப் பேர் வாங்கிய பாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பாட்டு ஒன்றும் எனக்கு முழுதாக நினைவில்லை. அம்பாங்கில் மழையில் பதினோரு பேர் கேட்ட பாட்டு மட்டும், அந்தப் பதினோரு பேரில் நான் இல்லாதபோதும், முதலிலிருந்து கடைசிவரை தெரியும். பாத்திரம் கழுவும்போது வாய் தானாக அதை முணுமுணுக்கும். முடிக்கும்போதெல்லாம் அக்காவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.