படைத்தலைவர் ஜெயித்த ஒரே சண்டை

பெங்களூரில் போர் அறம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஒன்றைத் தவிர, போட்ட சண்டையிலெல்லாம் தோற்றவரும் அவரேதான். இரண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

காக்ஸ் டவுனில் நான் தங்கியிருந்த ஆண்கள் பி.ஜி. விடுதியில் அவருக்குப் படைத்தலைவர் என்று பெயர். சுருக்கமாகப் படை. ஒரு தோல் வியாதிக்கும் அதே பெயர் என்பது தற்செயல். ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் பேன்ட் துணி கிழிக்கிற வேலை. கத்திரிக்கோலைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் போகும் வழியில், கோயில் சுவரோரம் சாய்ந்து நிற்கும் நடுகல்லுக்குத் தவறாமல் சல்யூட் வைப்பார்.

“ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன்பா இவன். ஓட்டுக் கேட்டானா? போஸ்டர் ஒட்டினானா? முன்னாடி போய் நின்னான். அவன்தான் லீடரு!”

“அண்ணா, பஸ் போயிடுச்சு” என்போம்.

முதல் போர் சட்னிக்காக. எங்கள் ஓனர் மஞ்சப்பாவின் தேங்காய்ச் சட்னியில், தேங்காய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன தடயம் மட்டும் இருக்கும். கேட்டே தீருவது என்று முடிவெடுத்தோம். படை நேராக மஞ்சப்பாவிடம் போய், “நாளைக்குக் காலையில சட்னி விஷயமா உங்ககூட மோதப் போறோம். தயாரா இருங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

“முன்னாடியே எதுக்குண்ணா சொன்னீங்க?”

“சொல்லாம பாயறவன் திருடன்பா.”

மறுநாள் மஞ்சப்பா துமகூரில் மாமியார் வீட்டில் இருந்தார். சமையல்காரருக்கும் லீவு. இருந்த சட்னியும் போயிற்று.

அடுத்தது கெய்சர் போர். டிசம்பர் குளிரில் வெந்நீர் போடும் கெய்சர் பழுதாகிக் கிடந்தது; மஞ்சப்பா கண்டுகொள்ளவில்லை. தலைவன்தான் முதலில் என்று படை பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போனார். உள்ளே இருந்து வந்த அலறலைக் கேட்டு, மற்றவர்கள் அந்த வாரம் குளிப்பதில்லை என்று தீர்மானித்தோம். பிறகு அவர் தலைமையில் ஊர்வலமாகக் கீழே இறங்கினோம். மஞ்சப்பா ராகி முத்தை உருண்டையைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிடற மனுஷன்கூட சண்டை கூடாது” என்று படை திரும்பிவிட்டார். அன்று முதல் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மஞ்சப்பா தட்டோடு உட்கார்ந்துகொள்வார். நல்ல சதை போட்டது அவருக்கு.

இப்படி இருக்கையில்தான் கால் சென்டரில் வேலை பார்த்த ஜோசப்புக்கு அம்மை போட்டது. கே.ஜி.எஃப்.பில் இருந்த வீட்டுக்கும் போக முடியாது. அங்கே அக்கா நிறைமாத கர்ப்பிணி. மஞ்சப்பா படியில் நின்று கத்தினார்: “எல்லாருக்கும் ஒட்டிக்கும். சாயங்காலத்துக்குள்ள ரூம் காலி மாடப்பா, காலி பண்ணிடு!”

நாங்கள் எங்கள் வீரத்தை வாட்ஸ்அப் குரூப்பில் காட்டினோம். ஆளுக்கொரு கைகூப்பும் படம். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டோம்.

கடையிலிருந்து வந்த படை யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஜோசப் அறையில் விரித்தார். சாயங்காலம் மஞ்சப்பா இரண்டு ஆட்களோடு வந்தபோது வாசலில் நின்றவர் அவர்தான்.

“தள்ளுங்க சார்.”

“தள்ள மாட்டேன். நீங்க வேணா என்னைத் தள்ளுங்க. இப்பதான் அவனுக்கு உடம்பு துடைச்சுவிட்டேன்” என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

கூட வந்த இருவரும் கீழே போய்விட்டார்கள். மஞ்சப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். ஒரு படி இறங்கினார். இன்னொரு படி இறங்கினார். பிறகு ஓடினார்.

“உங்களுக்கு முன்னாடியே அம்மை போட்டிருக்காண்ணா?” என்று உள்ளேயிருந்து ஜோசப் கேட்டான்.

“அதெல்லாம் சின்ன வயசுலயே வந்து போச்சு. நீ தூங்கு.”

சுத்தப் பொய். ஜோசப் எழுந்து நடமாடத் தொடங்கியதும் இவர் படுத்தார். அந்த வயதில் வந்தால் ஆளையே உருக்கிவிடும், உருக்கியது. இந்தத் தடவை நாங்கள் கதவைத் தாழிடவில்லை. அம்மை வந்து போனவர்கள் முறை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தோம். மற்றவர்கள் இளநீர் வாங்கி வாசலில் வைத்தார்கள். ஜோசப் வேப்பிலையால் விசிறிக்கொண்டே அழுதான். “அழாதடா, தண்ணி மேல தெறிக்குது” என்று திட்டினார்.

இப்போது அத்திபெலேயில் வேறு கடையில் இருக்கிறார். எனக்கு பேன்ட் தேவைப்படாவிட்டாலும் அங்கே போய்த் துணி எடுப்பேன். கன்னத்தில் குழி குழியாக அம்மைத் தழும்பு. தாடி விட்டால் மறைந்துவிடும் என்று நானும் போகும்போதெல்லாம் சொல்கிறேன். அவர் நிஜமாகவே தாடி விட்டு அந்தத் தழும்பை மறைத்துவிடப் போகிறாரோ என்று பஸ்ஸில் திரும்பும்போது கவலையாகவும் இருக்கிறது.